எட்டு பார்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
டயர் கடை மாடியில் எங்களுக்கு ஒத்திகை.
மேலே பஸ் போகும்போதெல்லாம்
பாலத்தின் இணைப்பு இரண்டுமுறை தட்டும்,
டக், டக்.
தாளத்தில் வராது. தாளத்தை விட்டும் போகாது.

பதினொரு வருடம் பேஸ் வாசித்தேன்.
ரிசப்ஷன்களில் என்னை யாரும் கேட்டதில்லை.
நிறுத்தினால் மட்டும்
என்னமோ குறையுதே என்று
சோற்றில் உப்பு தேடுகிறவர்களாய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.
எனக்கு அது போதுமாயிருந்தது.

ஜெகில் கத்தார் போனான்.
அவன் கிட்டார் அழுகிற இடத்தில் இப்போது ஒரு பள்ளம்.
"எட்டு பார் நீயே எடு" என்றாள்
கீபோர்டு எப்சிபா, தலை நிமிராமல்.
வீட்டில் வந்து சொன்னேன்,
எனக்கு எட்டு பார் தந்திருக்கிறார்கள் என்று.
"ஒண்ணு போதாதா?"
புஷ்பலீலா சாளை கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலில் நோட்டில் எழுதினேன்.
ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எண்,
அடித்து, திருத்தி, அடித்து.
பகலில் ஜெராக்ஸ் கடை.
ஆதார் அட்டை மிஷினுக்குள் போய்வரும் நேரத்துக்குள்
என் இடது கை
கவுண்டருக்கு அடியில் நாலு சுரம் வாசித்துவிடும்.
ஒரு வாரத்தில் பிசகில்லாமல் வந்தது.
வாசித்துக் காட்டினேன்.
ஷிஜு ஸ்டிக்கை மடியில் வைத்தான்.
"நல்லா ஒப்பிச்ச கேட்டியா" என்றாள் எப்சிபா,
"ஆறாங்கிளாஸ் மனப்பாடச் செய்யுள் போல.
மூச்சு எங்க விட்ட?"

விடவில்லை.

நோட்டை மூடிவிட்டு
மூன்று சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.
மூன்றில் என்ன சொல்ல முடியும்?
வா என்று சொல்லலாம்.
வரமாட்டேன் என்றும் சொல்லலாம்.
வரமாட்டேன் என்று சொன்னது நேற்று, என்று சொல்ல
நாலாவது வேண்டும்.
குழித்துறை ஆற்றைக் கடக்கும்போது
ஹெல்மெட்டுக்குள் பாடிப் பார்ப்பேன்.
வாய் போகிற இடத்துக்கு விரல் போகாது.
அதற்கு அதன் பழைய வழிதான்,
களியக்காவிளை முதல் பஸ்ஸைப்போல
ஆளில்லாத ஸ்டாப்பிலும் நின்று நின்று.

கருங்கலில் ஒரு திங்கள்கிழமை.
பாதிப்பேர் பந்தியில், மீதிப்பேர்
பந்திக்கதவைப் பார்த்தபடி.
ஏ மைனர். ஷிஜு தலையசைத்தான்.
ஐந்தாம் ஃபிரெட்டுக்குக் கிளம்பிய விரல்
ஆறில் விழுந்தது.

பிரியாணியில் கல்.
மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நிமிர்ந்தார்.
மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது:
திரும்ப அங்கேயே போனேன்,
இந்தமுறை வேண்டுமென்றே, இரண்டு தட்டு,
டக், டக்.
எப்சிபா கார்டை மாற்றிக் கீழே பாய் விரித்தாள்.
பிழை சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.
அப்புறம் ஒரு முழு பார்
எதையும் வாசிக்காமல் நின்றேன்.
உள்ளே யாரோ சர்லாஸ் கேட்கும் குரல் வந்தது.
வரட்டும் என்று விட்டேன்.
அதற்குப் பதில் சொல்வதுபோல ஒன்று வாசித்தேன்,
வாய் போன இடத்துக்கே விரலும் போனது.

எட்டு முடிந்தது.
எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியாது.
தொடங்கத்தான் பழகியிருந்தேன்.
ஒன்பது. பத்து.
ஷிஜு சிரிக்கிறான், ஆனால் கைவிடவில்லை.
பாதி வாக்கியத்தில் பெமிலா மைக்கை எடுத்து
என்மேல் பல்லவியைப் போட்டாள்,
ரப்பர் மரத்துக்கு
மழைக்குமுன் பிளாஸ்டிக் கட்டுகிற அவசரத்தில்.

திரும்பும் வேனில் கேட்டார்கள்,
அத ஒருக்கா கூட வாசி என்று.
தேடினேன். விரலில் இல்லை.
ஆறாம் ஃபிரெட்டைத் தொட்டேன்.
வெறும் தப்பாக ஒலித்தது.
"கெடக்கட்டும்," என்றான் ஷிஜு,
"வியாழக்கிழம தக்கலையில உண்டுல்லா."

புஷ்பலீலா விழித்திருந்தாள்.
"எத்தன பார்?"
"பத்தரை."
மேலும் கீழும் பார்த்தாள்.
"பரவால்லயே,
நேரா நடந்து வந்திருக்கியளே."